ரயிலுக்குள் இருந்தால் ரயில் தெரியாது

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வருடம் இதே மேடையில் வங்கிக் கணக்குக்கு நாமினி போடுவது பற்றிப் பேசினேன். முப்பத்தேழு வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவன் என்பதால் அதைத் தூக்கத்தில்கூடப் பேசுவேன். இந்த வருடம் செயலாளர், "சார், கொஞ்சம் ஜாலியா ஏதாவது பேசுங்க, பசங்களும் இருப்பாங்க" என்றார். அதனால் இன்று பொம்மை ரயில் பற்றிப் பேசுகிறேன். ஆனால் பொம்மை ரயில் என்று ஆரம்பித்து எங்கள் அக்காவில் போய் முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொல்லிமலைக்காரன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஊர் திருப்புலி நாடு. புதிதாகக் குடிவந்தவர்கள் "அது எந்த நாடு சார்?" என்று கேட்பார்கள். கொல்லிமலையில் பதினான்கு நாடுகள் உண்டு. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று ஒவ்வொன்றும் சில சிற்றூர்கள் சேர்ந்த ஓர் ஊராட்சி. அதில் எங்களுடையது திருப்புலி நாடு. பாஸ்போர்ட் தேவையில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்கும் வயிறு இருந்தால் போதும்.

எனக்கு ஒரே அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவர். இப்போது எழுபத்து நான்கு. அவர் பள்ளிக்கூடம் போனது இரண்டு வருடம்தான். சாமைக் காட்டில் வேலை, வீட்டு வேலை, அன்னாசிப் பழத்தைச் சுமந்து சந்தைக்கு இறக்குவது என்று அவர் உழைத்ததில்தான் நான் ராசிபுரத்தில் விடுதியில் தங்கி பி.காம். முடித்தேன். 1982-இல் வங்கி வேலை கிடைத்தது. முதல் போஸ்டிங் தெற்கே. அப்போது நாமக்கல்லுக்கு ரயிலே கிடையாது. லாரிக்குப் பேர்போன ஊருக்கு ரயில் வந்தது சேலம் - கரூர் பாதை திறந்த 2013-இல்தான். ஆகவே நான் சேலம் ஜங்ஷனுக்கு வந்து ரயில் ஏற வேண்டும். அக்கா சேந்தமங்கலம் வரை என்கூட வந்தார். அங்கே பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினார். அன்றே காட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

முதல் லீவில் ஊருக்குப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ரயிலு எப்படி இருக்கும் தம்பி?" என்பதுதான். "அடுத்த லீவுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்" என்றேன். அடுத்த லீவு என்பது நாற்பது வருடத்துக்கு மேல் தள்ளிப்போனது.

இதை ஏன் மேடையில் சொல்கிறேன் என்றால், வங்கிக்காரனுக்கு எல்.டி.சி. என்று ஒரு பயணச் சலுகை உண்டு. மனைவி, பிள்ளைகளோடு டெல்லி போனேன், ஜெய்ப்பூர் போனேன், காசிக்கும் போனேன். அந்தப் படிவத்தில் 'குடும்பம்' என்ற இடத்தில் கல்யாணமான அக்காவை எழுத முடியாது. விதி அப்படி. பல வருடம் அந்த விதியைத்தான் எனக்கு நானே காரணமாகச் சொல்லிக்கொண்டேன். ஆனால் கைக்காசு போட்டு அக்காவுக்கு ஒரு டிக்கெட் எடுக்க எந்த விதியும் தடையாக இல்லை. எடுக்காதது நான்தான்.

போன டிசம்பரில் எடுத்தேன். புனேயில் இருக்கும் என் மகன், "கிறிஸ்துமஸ் லீவுக்கு வாங்கப்பா, அத்தையையும் கூட்டிட்டு வாங்க" என்றான். கோவையிலிருந்து குர்லா போகும் ரயிலில் சேலத்தில் ஏறினோம். தருமபுரி, ஓசூர், பெங்களூரு, குண்டக்கல், சோலாப்பூர் வழியாகப் போகும் வண்டி அது. ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் புனே. அக்காவுக்கு ஜன்னலோர இடம் கொடுத்தோம். "வளைவு வரும்போது பாருக்கா, முன்னாடி எஞ்சின் தெரியும்" என்று சொல்லி வைத்திருந்தேன். வளைவுகள் வந்தன. ஆனால் பெரும்பாலும் எதிர்ப்பக்கமாகவே வளைந்தன. ஒன்றிரண்டு எங்கள் பக்கம் வளைந்தபோது அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை.

புனேயில் பேரன் ஒரே பிடிவாதமாக எங்களை அழைத்துப் போன இடம்தான் ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம். கோத்ரூட் பகுதியில் இருக்கிறது. பாவுசாகேப் ஜோஷி என்பவர் சின்ன வயது ரயில் ஆசையை விடாமல் வைத்திருந்து உருவாக்கியது. 1998 ஏப்ரல் 1 முதல் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. அரசாங்கம் கட்டியது அல்ல. ஒரு தனி மனிதரும் அவர் குடும்பமும் செய்தது.

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம். உள்ளே ஒரு பெரிய மேடை மேல் ஓர் ஊரே இருக்கிறது. ஸ்டேஷன், சிக்னல், மேம்பாலம், நெடுஞ்சாலை, நீச்சல் குளம், சர்க்கஸ் கூடாரம், காரில் உட்கார்ந்தபடியே பார்க்கும் திறந்தவெளி சினிமா. நீராவி எஞ்சின் ரயில், வேக ரயில், தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு போகும் ரயில், மலைச் சரிவில் கயிறு இழுத்து ஏறும் ரயில் எல்லாம் ஓடுகின்றன. நம்மை உட்கார வைத்து, ஒவ்வொரு ரயிலாக ஓடவிட்டு விளக்கம் சொல்கிறார்கள். பிறகு மண்டபத்தின் விளக்கை மெல்லக் குறைத்து இரவாக்குகிறார்கள். அப்போது அந்தச் சின்ன ஊரின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். என் பேரன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. நானும்தான்.

குழந்தைகளுக்காக இதன் கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன். பி.காம். படித்தவன் கணக்கு, பயப்பட வேண்டாம்.

இந்த மாதிரி ரயில்களில் உலகம் முழுதும் அதிகம் புழங்குவது எச்.ஓ. என்ற அளவு. நிஜத்தில் ஓர் அடி என்றால் மாதிரியில் மூன்றரை மில்லிமீட்டர். அதாவது எல்லாமே 87-இல் ஒரு பங்கு. நம் ஐ.சி.எஃப். ரயில் பெட்டி 21 மீட்டருக்குச் சற்று அதிக நீளம். 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய இருபத்து நான்கரை சென்டிமீட்டர். உங்கள் பென்சில் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கும் ஸ்கேலைவிடச் சின்னது. நான் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்கமாட்டேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில், மாதிரியில் ஒரு நொடிக்கு ஓர் அடி நகர்ந்தால் சரியான வேகம். நம் வீட்டில் நாம் அதைச் சர்ரென்று விரட்டுகிறோம். அது கணக்குப்படி மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் ஆகிவிடும்.

இன்னொன்று. நிஜத்தை அப்படியே சின்னதாக்கினால் மாதிரியே செய்ய முடியாது. ஆயிரம் கிலோமீட்டர் பாதையை 87-இல் ஒரு பங்காக்கினாலும் பதினொன்றரை கிலோமீட்டர் தண்டவாளம் வேண்டும். நம் நாட்டு அகலப் பாதையில் மிகக் கூர்மையான வளைவுக்கே ஆரம் 175 மீட்டர். அது மாதிரியில் இரண்டு மீட்டர். ஒரு வளைவுக்கே நம் ஹால் போதாது. அதனால் வளைவை இறுக்குகிறார்கள், தூரத்தைச் சுருக்குகிறார்கள், பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். பார்ப்பவருக்கு உறுத்தாமல் எதை விட்டுவிடலாம் என்று தெரிந்து செய்வதுதான் இந்தக் கலை.

ரயில்கள் எப்படி மோதாமல் ஓடுகின்றன என்று பேரன் கேட்டான். இது எனக்குச் சுலபமான கேள்வி. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு ரயில் இருக்கும்வரை அடுத்ததை உள்ளே விடமாட்டார்கள். நிஜ ரயிலிலும் அதே விதிதான். ஒற்றைப் பாதைகளில் அந்தக் காலத்தில் ஓர் இரும்புக் குண்டைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் டோக்கன். அது கையில் இருப்பவர் மட்டுமே அந்தப் பாதையில் நுழையலாம். நாங்கள் கவுண்டரில் பித்தளை டோக்கன் கொடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நம்பர் கூப்பிட்டால் டோக்கனைக் கொடுத்தவருக்குத்தான் பணம். அங்கே அது உயிரைக் காத்தது. எங்களிடம் வரிசையைக் காத்தது.

புது வகை மாதிரி ரயில்களில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு எண் உண்டு. கட்டளை எல்லாத் தண்டவாளத்திலும் போகும். ஆனால் அந்த எண்ணுக்குரிய எஞ்சின் மட்டும் கேட்டு நடக்கும். உங்கள் அக்கவுண்ட் நம்பர் மாதிரி.

சரி, அக்காவிடம் வருகிறேன்.

காட்சி முழுதும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மூட்டு வலியோ, கண்ணில் செய்த ஆபரேஷனால் சரியாகத் தெரியவில்லையோ என்று எனக்குக் கவலை. விளக்கு வந்ததும் கேட்டேன்.

"நல்லாத் தெரிஞ்சுது தம்பி. ஒரு பகலு ஒரு ராத்திரி ரயிலுக்குள்ளயே இருந்தேன், ரயிலப் பாக்கவே இல்ல. இங்க வந்துதான் பாத்தேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ரயிலுக்குள் இருப்பவருக்கு ஸீட் தெரியும், ஃபேன் தெரியும், எதிரில் இருப்பவர் சாப்பிடுவது தெரியும். எஞ்சின் தெரியாது. நமக்கு வழிவிட்டு எங்கோ நிற்கும் இன்னொரு ரயில் தெரியாது. நம்மை அனுப்பிவிட்டு ஸ்டேஷனில் நிற்பவர் சில நொடிக்குமேல் தெரிய மாட்டார். இவை எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டுவதுதான் மாதிரி.

அக்கா அடுத்துச் சொன்னதற்கு நாங்கள் சிரிக்கவில்லை. பிளாட்பாரத்தில் விரல் நுனி அளவு மனிதப் பொம்மைகள் நிற்கும் அல்லவா, அவற்றில் ஒன்றைக் காட்டினார். ரயில் ஒவ்வொரு சுற்றும் அந்தப் பொம்மையைத் தாண்டிப் போனதை அவர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"இது பரவால்ல தம்பி. போன ரயிலு திரும்பத் திரும்ப வருது" என்றார்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. பார்த்ததைச் சொன்னார். எனக்குத்தான் 1982-இல் சேந்தமங்கலத்தில் பஸ் கிளம்பிய பிறகு அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பது இதுவரை தெரியாது என்று உறைத்தது. நான் பஸ்ஸுக்குள் இருந்தேன். திரும்பிப் பார்த்தேனா என்பதுகூட நினைவில்லை. இப்போது கேட்டுவிட்டேன். "புழுதி அடங்கற வரைக்கும் நின்னேன்" என்றார். அவ்வளவுதான் பதில்.

வெளியே வரும்போது பேரன், "அத்தைப் பாட்டி, உங்க மலைக்கு ஏன் ரயில் இல்லை?" என்று கேட்டான். இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. புனேயிலிருந்து மும்பை போகும் வழியில் போர் காட் என்ற மலைப்பாதை. அங்கே 37 அடி போனால் ஓர் அடி ஏற்றம். அதற்கே பின்னாலிருந்து தள்ள எஞ்சின் வைக்கிறார்கள். அந்த ஏற்றத்தில் ஆயிரம் மீட்டர் ஏற 37 கிலோமீட்டர் பாதை வேண்டும். நம் ஊட்டி ரயில் ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏறும். அதற்காகத் தண்டவாளத்தின் நடுவே பல் சட்டம் பதித்து, எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் வந்த பாதை அது. கொல்லிமலையோ சுவர் மாதிரி எழுந்து நிற்கும் மலை. ரயிலுக்கு இடம் கொடுக்காது. பஸ்ஸுக்கே எழுபது முறை திரும்பித்தான் வழி கொடுத்தது. பேரன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நாம செஞ்சுக்கலாம் தாத்தா" என்றான்.

அங்கிருந்துதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

மாதிரி ரயில் நமக்குப் புதிதல்ல. வெளிநாட்டில் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி ரயில் விடுவார்கள். ஜெர்மனியின் மெர்க்லின் கம்பெனி 1891-இலேயே பாதை சேர்க்கச் சேர்க்க நீளும் சாவி ரயிலைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. நம் வீடுகளில் நவராத்திரி கொலுவில் படிக்குப் பக்கத்தில் மண் கொட்டி, கடுகு விதைத்துப் பச்சை முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, பார்க் வைப்போமே, அதைச் சுற்றி ஒரு ரயில் ஓடாத கொலு உண்டா? என் மனைவி வீட்டுக் கொலுவில் மைத்துனரின் சாவி ரயில் முப்பது வருடம் ஓடியது. இப்போதும் பரணில் இருக்கிறது.

வரும் நவராத்திரிக்கு நம் சங்கத்து ஹாலில் குழந்தைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய பார்க் அமைக்கலாம் என்பது என் வேண்டுகோள். விலை உயர்ந்த ரயில் வேண்டாம். வீட்டில் இருக்கும் பேட்டரி ரயில் போதும். அட்டையில் ஸ்டேஷன், தெர்மாகோலில் மலை. நம் சேலம் ஜங்ஷன், ராசிபுரம், நாமக்கல் என்று பாதை. பின்னால் கொல்லிமலை.

இங்கேயும் ஒரு கணக்கு. கொல்லிமலையின் உயரம் சுமார் 1300 மீட்டர். 87-ஆல் வகுத்தால் பதினைந்து மீட்டர். அதாவது தரைத்தளத்தோடு சேர்த்து நம் பிளாக்கின் ஐந்து மாடி உயரம். எச்.ஓ. அளவில் நீங்கள் குடியிருப்பது கொல்லிமலையில்தான்! ஹாலுக்குள் அது அடங்காது என்பதால் மலையை மட்டும் சுருக்கிக்கொள்வோம். எதை விடலாம் என்று முடிவு செய்வது குழந்தைகளின் பொறுப்பு.

ஒரே ஒரு நிபந்தனை. பிளாட்பாரத்தில் வழியனுப்ப ஓர் ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். அந்தப் பொம்மை என் செலவு.

இதற்கிடையில் குழந்தைகளை அழைத்துப் போக இடங்கள் உண்டு. சென்னையில் ஐ.சி.எஃப். பக்கத்தில் 2002 முதல் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய எஞ்சின்கள், பெட்டிகள், குழந்தைகள் ஏறிச் சுற்றும் சின்ன ரயில் எல்லாம் உண்டு. திருச்சியிலும் மைசூரிலும் ரயில் அருங்காட்சியகங்கள் உள்ளன. டெல்லி போனால் சாணக்கியபுரியில் தேசிய ரயில் அருங்காட்சியகம். புனே போகிறவர்கள் காட்சி நேரத்தை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். நேரம் தவறினால் அடுத்த காட்சி வரை காத்திருக்க வேண்டும். போகும்போது வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப் போங்கள். "அவங்களுக்கு எதுக்கு பொம்மை ரயில்" என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன்.

திரும்பி வந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் இறங்கியதும் நான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தேன். அக்கா நகரவில்லை. "இரு தம்பி, இது போவட்டும்" என்று பிளாட்பாரத்திலேயே நின்றார். வண்டி கிளம்பியது. ஒவ்வொரு பெட்டியாக விரல் விட்டு எண்ணினார். கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். அதைக் காட்டி, "அது எதுக்கு?" என்றார். "வண்டி முழுசா வந்துடுச்சு, நடுவுல எதுவும் கழண்டு விட்டுப் போகலைன்னு ஸ்டேஷன்காரங்க தெரிஞ்சுக்கிறதுக்கு" என்றேன்.

"அப்படியா" என்று தலையாட்டி, வண்டி மறையும் வரை பார்த்துவிட்டுத்தான் நடந்தார்.

நவராத்திரிப் பார்க்குக்குப் பெயர் கொடுக்க விரும்பும் குழந்தைகள் இந்த மாதக் கடைசிக்குள் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். முதல் பார்வையாளராக அக்கா வருகிறார். மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி, ராசிபுரத்தில் ரயில் ஏறி. டிக்கெட் என் செலவு. கூட்டி வர நானே போகிறேன்.